வியாழக்கிழமை ஒன்றே முக்கால்

ஜூன் 3, திங்கள்

ஏழு வருடம் கழித்து மறுபடி வேலை. கோவில்பட்டியில் எண்பது படுக்கை உள்ள ஆஸ்பத்திரி. அதன் நெட்வொர்க் முழுவதற்கும் நான் ஒருத்திதான். ஒரு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் பண்ணுவதைப் பற்றிச் சொல்வதாகத் தலைமை டாக்டர் எஸ்தர் சொன்னார். அதில் எனக்குக் கவலை ஒன்றும் இல்லை. காலை நாலு மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. வெயில் காலம், அப்படித்தான் இருக்கும்.

சர்வர் அறை பழைய கட்டிடத்தின் இரண்டாவது மாடியில் இருக்கிறது. ஏசி பதினெட்டில் ஓடுகிறது. சேலைக்கு மேல் கணவரின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் உட்கார முடிந்தது. எலக்ட்ரீசியன் சுடலைமுத்து எட்டிப் பார்த்தார். ஐம்பது வயது இருக்கும், காதில் பென்சில்.

"நெட்வொர்க் மேடமா? என்ன வேலை பாப்பீய?"

"ஸ்விட்ச் எல்லாம் பாத்துக்குவேன் அண்ணாச்சி."

"ஸ்விட்ச்சுன்னா அது எங்க டிப்பார்ட்மென்ட்டுல்லா" என்றார்.

இது வேறே ஸ்விட்ச், கணினிகளை ஒன்றோடொன்று சேர்க்கும் பெட்டி என்று விளக்கினேன். முழுதும் கேட்டுவிட்டு, "அதுக்கும் கரண்ட்டு நாந்தானே குடுக்கேன்" என்று போய்விட்டார். இந்த மனிதரோடு எனக்கு ஒத்துவராது.

ஜூன் 4, செவ்வாய்

பழைய கேபிள்களுக்குப் பெயர் ஒட்டினேன். நூற்றுப் பன்னிரண்டு. முதுகு வலி.

ஜூன் 6, வியாழன்

மதியம் ஒன்றே முக்காலுக்கு நெட் போனது. இருபது நிமிடத்தில் தானே வந்தது. நான் பதறி ஓடினேன். வேறு யாரும் பதறவில்லை. ஸ்கேன் அறையில் பர்வீன் மிக்சர் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வயது, ஸ்கேன் எடுப்பவள், சிரித்த முகம்.

"வியாழக்கிழமைன்னா போகும்க்கா. ஒன்றரைலேருந்து மூணு வரைக்கும் ராகு காலமாம். நர்ஸ் அக்காங்க சொல்லிச் சொல்லி எனக்கே இப்ப ராகு காலம் பாக்கத் தெரிஞ்சுபோச்சு."

சாயங்காலம் டாக்டர் எஸ்தர் கூப்பிட்டார். மூளைக்கு டாக்டர் இங்கே இல்லை. பக்கவாதம் என்று யாராவது வந்தால் ஸ்கேன் படங்களை மதுரைக்கு அனுப்பி, அங்கிருந்து பதில் வந்த பிறகுதான் ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி. "ரெண்டு கம்பெனி லைன் வாங்கி வச்சிருக்கேன். ஒண்ணு போனா இன்னொண்ணு எடுக்கணும்ல? ஏன் எடுக்க மாட்டேங்குது?"

"பாத்துச் சொல்றேன் டாக்டர்."

"பாத்துச் சரி பண்ணிட்டே சொல்லுங்க" என்றார்.

ஜூன் 10, திங்கள்

ஏன் எடுக்கவில்லை என்று தெரிந்துவிட்டது. இரண்டு ஸ்விட்ச் இருக்கின்றன. முதல் ஸ்விட்சிலிருந்து ஒரு கண்ணாடி இழை சாலையைத் தாண்டிப் புதுக் கட்டிடத்துக்குப் போகிறது. முதல் கம்பெனியின் லைன் அங்கேதான் இறங்குகிறது. இரண்டாவது ஸ்விட்சிலிருந்து எங்கள் மொட்டைமாடி டிஷ்ஷுக்கு, அதாவது இன்னொரு கம்பெனியின் லைனுக்கு வழி. எல்லாக் கணினியும் தலைமை ஸ்விட்ச் வழியாகத்தான் வெளியே போகும். முதல் ஸ்விட்சுக்கு மதிப்பெண் 120, இரண்டாவதற்கு 100. எதற்கு மதிப்பெண் அதிகமோ அதுதான் தலைமை.

முதல் ஸ்விட்ச் அடியோடு செத்தால் இரண்டாவது பொறுப்பை எடுத்துக்கொள்ளும். ஆனால் ஸ்விட்ச் உயிரோடிருந்து வெளியே போகும் வழி மட்டும் செத்தால், அது பாட்டுக்குத் தலைமையில் உட்கார்ந்திருக்கிறது. வருகிற படத்தையெல்லாம் வாங்கி மூடிய வழியிலேயே தள்ளுகிறது. ஆகவே அதற்குச் சொல்லிவைக்க வேண்டியது ஒன்றுதான்: "உன் இருபத்து நான்காவது போர்ட்டை, அதாவது அந்த இழைக்குப் போகும் கேபிள் செருகியிருக்கும் துளையை, கவனித்துக்கொண்டே இரு. அது விழுந்தால் உன் மதிப்பெண்ணைக் குறைத்துக்கொள்."

இது எனக்குத் தலைகீழ்ப் பாடம். என் பழைய நோட்டைப் புரட்டாமலே எழுதிவிடலாம். இன்று புரட்டியது சும்மா.

ஜூன் 11, செவ்வாய்

எழுதினேன். போர்ட் விழுந்தால் பத்து மதிப்பெண் குறைக்கச் சொல்லியிருந்தேன். காலை ஏழு மணிக்கு, ஆள் வருவதற்கு முன், கேபிளைப் பிடுங்கிப் பார்த்தேன். ஸ்விட்ச் கவனித்தது. "போர்ட் விழுந்தது" என்று எழுதிக்கொண்டது. மதிப்பெண்ணையும் குறைத்தது. ஆனால் தலைமையை விடவில்லை. நெட் போனது போனதுதான். கேபிளை மறுபடி செருகிவிட்டுக் கீழே போய் இட்லி சாப்பிட்டேன். நாலு. கவலைப்படுகிறவள் நாலு இட்லி சாப்பிடுவாளா?

ஜூன் 12, புதன்

ராத்திரிச் சாப்பாட்டின்போது கணவர் கனகவேலிடம் சொன்னேன். அவர் தீப்பெட்டி லேபிள் அடிக்கும் அச்சகம் வைத்திருக்கிறார். கணினி என்றால் பில் போடுவதற்கு என்ற அளவில் தெரியும். அப்பளத்தை உடைத்துக்கொண்டே கேட்டார்.

"முதலுக்கு எத்தன மார்க்?"

"நூத்தி இருபது."

"பத்து கழிச்சா?"

"நூத்திப் பத்து."

"ரெண்டாவதுக்கு நூறுதானே? அப்ப முதல்தானே இன்னும் பெருசு?"

எனக்கு அது முன்பே தோன்றிவிட்டது. அவர் வாயால் முதலில் சொன்னார், அவ்வளவுதான். கூட ஒரு அப்பளம் வைத்தேன்.

ஜூன் 13, வியாழன்

பத்தை முப்பதாக்கினேன். விழுந்தால் 120 தொண்ணூறு ஆகும், நூறு முன்னால் வரும். காலை ஏழேகாலுக்குக் கேபிளைப் பிடுங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவதற்குள் இரண்டாவது ஸ்விட்ச் தலைமையை எடுத்துக்கொண்டது. சீக்கிரமே வந்திருந்த பர்வீன், தன் திரையில் நெட் நிற்கவே இல்லை என்று போனில் சொன்னாள். மறுபடி செருகினேன், முதலாவது தலைமையைத் திரும்ப வாங்கிக்கொண்டது. ஐந்து தடவை செய்து பார்த்தேன். இரண்டு தடவை போதும். மீதி மூன்று எனக்காக.

மதியம் ஒன்றே முக்காலுக்கு எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். நெட் போகவில்லை! இரண்டு மணி. மூன்று மணி. போகவே இல்லை. பர்வீன் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "ராகுவையே ஓரங்கட்டிட்டீங்கக்கா!" டாக்டர் எஸ்தர் வார்டு சுற்றும்போது எல்லார் முன்னாலும், "இனிமே இந்த ஆஸ்பத்திரியில நெட் போகாது. செண்பகம் பாத்துக்குவாங்க" என்றார். கால் கிலோ கடலைமிட்டாய் வாங்கிப் பங்கு வைத்தேன்.

இன்னொரு சந்தோஷம்: சுடலைமுத்து இன்று லீவு. அக்கா மகள் வளைகாப்புக்குக் கழுகுமலை போயிருக்கிறாராம். வாராவாரம் மதியம் அவர் போட்டுப் பார்க்கும் ஜெனரேட்டரின் இரைச்சல் இல்லாமல் ஆஸ்பத்திரி என்ன அமைதி!

ஜூன் 17, திங்கள்

வேலை ஒன்றும் இல்லை. சர்வர் அறையை இரண்டு தடவை துடைத்தேன். சின்ன விளக்குகள் பச்சையாக மினுக்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருக்கிறது.

ஜூன் 20, வியாழன்

எழுத ஒன்றும் இல்லை. காற்று பலம்.

ஜூன் 21, வெள்ளி

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன். எழுதாமல் விட்டால் நடக்காததாகிவிடாது.

ஒன்றரை மணிக்குப் பேச்சியம்மாள் என்று ஒருவரைக் கொண்டுவந்தார்கள். ஐம்பத்திரண்டு வயது, தீப்பெட்டி ஆபீசில் வேலை. பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவருக்கு இடது கை விழுந்துவிட்டது, வாய் கோணிவிட்டது. பர்வீன் ஸ்கேன் எடுத்து மதுரைக்கு அனுப்ப ஆரம்பித்தாள். ஒன்றே முக்காலுக்கு நின்றது. நான் மாடிக்கு ஓடினேன். முதல் ஸ்விட்சில் இருபத்து நான்காவது விளக்கு பச்சையாக எரிகிறது. ஒரு குறையும் இல்லை என்கிறது ஸ்விட்ச். குறை இல்லாததால் தலைமையை விடவில்லை. நான் என்ன செய்தேன்? நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கேபிளை நானே பிடுங்கியிருந்தால் மூன்று நொடியில் மாறியிருக்கும். அது எனக்கு இரண்டு மணிக்குத்தான் தோன்றியது. அதற்குள் பர்வீன் திரையைக் கைபேசியில் படம் பிடித்து மதுரை டாக்டருக்கு அனுப்பிவிட்டாள். ஊசி போட்டார்கள். இருபத்தைந்து நிமிடம் தாமதம்.

அந்த அம்மாவுக்கு உயிருக்கு ஆபத்தில்லை. வாய் நேராகிவிட்டது. கை மட்டும் இன்னும் சரியாக வரவில்லை.

எல்லாரும் கம்பெனி லைனைத்தான் திட்டுகிறார்கள். டாக்டர் எஸ்தர் இன்று கூப்பிட்டு, கம்பெனிக்குக் கடுமையாக ஒரு கடிதம் தயார் பண்ணச் சொன்னார். உட்கார்ந்தேன். தேதி எழுதினேன். பொருள் எழுதினேன். மேற்கொண்டு வரவில்லை. கணினியில் ஏதோ கோளாறாக இருக்கும்.

ஜூன் 22, சனி

சும்மா வார்டுப் பக்கம் போனேன். பேச்சியம்மாள் கட்டிலில் உட்கார்ந்து, இடது கையால் ஒரு ரப்பர் பந்தை அமுக்கிப் பழகிக்கொண்டிருந்தார்.

"நீ யாரும்மா? டாக்டரா?"

"இல்லம்மா. நெட்வொர்க் பாக்குறேன்."

"அப்பிடின்னா?"

"உங்க தலையில எடுத்த படத்த மதுரைக்கு அனுப்புற லைன் இருக்குல்ல, அது என் பொறுப்பு."

"ஒரு நிமிசத்துல மதுரைக்குப் போயிருமாமே! எங்க ஊரு பஸ்ஸு எட்டயபுரம் போகவே ஒரு மணி நேரம் ஆக்குது" என்று சிரித்தார். வாய் நேராகத்தான் இருந்தது. பந்து கையிலிருந்து நழுவிக் கட்டிலுக்கு அடியில் ஓடியது. எடுத்துக் கொடுத்தேன்.

அங்கிருந்து நேரே டாக்டர் அறைக்குப் போனேன்.

"டாக்டர், கடிதம் எழுத முடியாது. கம்பெனி லைன் செத்துதா இல்லையான்னு எனக்குத் தெரியாது. ஆனா செத்தா மாத்திவிட வேண்டியது என் வேலை, அது நடக்கல. போன வாரம் நான் கேபிளப் பிடுங்கித்தான் சோதிச்சேன். பிடுங்காமயே லைன் சாகும்னு யோசிக்கல. நீங்க எல்லார் முன்னாலயும் இனிமே போகாதுன்னு சொன்னீங்க. அப்பவே நான் வாயத் தொறந்திருக்கணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கழற்றினால் திட்டப் போகிறார் என்று பர்வீன் சொல்லியிருக்கிறாள்.

"அந்தம்மா கை சரியாயிடும்னு நினைக்கிறேன். ஆகலைன்னா நம்ம ரெண்டு பேராலயும் அத மறக்க முடியாது." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, "விளக்கு பச்சையா எரிஞ்சுதுன்னா எங்கதான் செத்துது?" என்றார்.

"தெரியல டாக்டர்."

"அடுத்த வியாழக்கிழமைக்குள்ள தெரியணும்."

வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் ஒன்றும் இல்லை; வீட்டில் ஆயிரம் வேலை கிடக்கிறது. வரும் வழியில் இரண்டு கிலோ தக்காளி வாங்கி, கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் 24, திங்கள்

கடந்த ஆறு மாதத்தில் நெட் போன நேரத்தையெல்லாம் பதிவிலிருந்து எடுத்தேன். கரண்ட் போன நாட்களைத் தள்ளிவிட்டால் மீதி எல்லாமே வியாழன். எல்லாமே ஒன்றே முக்கால். ஜூன் 13 மட்டும் இல்லை. அன்றைக்கு என் சாமர்த்தியத்தால் போகவில்லை என்று... இங்கே பேனாவை வைத்துவிட்டு எழுந்தேன். அன்றைக்கு வேலைக்கு வராதவர் யார்?

ஜெனரேட்டர் அறைக்குப் போனபோது சுடலைமுத்து டீசல் அளந்துகொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, வியாழக்கிழமை ஒன்றே முக்காலுக்கு நீங்க என்ன செய்றீங்க?"

"ஜெனரேட்டரப் போட்டுப் பாக்கேன். இருவது நிமிசம். பதினாறு வருசமாப் பாக்கேன். அதுக்கு என்ன இப்ப?"

"அந்த இருபது நிமிசம்தான் நெட் போகுது."

பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். "என்ன மேடம் சொல்லுதீய? ஆஸ்பத்திரிய நாந்தான் கெடுக்கேன்னா? ஒங்க ரூமுக்கு பேட்டரி இருக்கு. ஜெனரேட்டருக்கும் நெட்டுக்கும் என்ன சம்பந்தம்?"

"எனக்கும் தெரியல. வாங்க, சேந்து பாக்கலாம்."

வரமாட்டார் என்று நினைத்தேன். டார்ச்சை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.

சாலையைத் தாண்டிப் புதுக் கட்டிடம். கண்ணாடி இழை வந்து இறங்கும் இடத்தைத் தேடினோம். மாடிப்படிக்கு அடியில், துடைப்பத்துக்கும் பக்கெட்டுக்கும் பின்னால், தீப்பெட்டிக் கட்டு அளவில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி இருந்தது. இழையில் வரும் ஒளியைச் சாதாரணக் கேபிளுக்கு மாற்றிக் கொடுக்கிற பெட்டி. இதற்கு ஜோடி என் சர்வர் அறையில் இருக்கிறது. சுடலைமுத்து அதன் ஒயரைப் பிடித்துக்கொண்டே போய் ஒரு சாதாரணப் பிளக்கில் முடித்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"இந்த பிளக்கு ஜெனரேட்டர் லைன்ல இல்ல மேடம். பேட்டரியிலயும் இல்ல. நான் மெயினை ஆஃப் பண்ணுன ஒடனே இது செத்துரும்."

அவர் பிளக்கை அணைத்தார். நான் பர்வீனுக்கு போன் போட்டேன்.

"நெட் இருக்கா?"

"போச்சுக்கா! இன்னிக்கு திங்கக்கிழமைல்லா?"

மாடிக்குப் போய்ப் பார்க்கச் சொன்னேன். இருபத்து நான்காவது விளக்கு பச்சைதான் என்றாள். என் அறையில் உள்ள ஜோடிப் பெட்டிக்கு பேட்டரியில் உயிர் இருக்கிறது. ஸ்விட்ச் அதைத்தான் பார்க்கிறது. சாலைக்கு அந்தப் பக்கம் செத்தது அதற்குத் தெரியவே தெரியாது. மாடிப்படிக்கு அடியில் நின்று சத்தமாகச் சிரித்துவிட்டேன். சுடலைமுத்துவும் சிரித்தார். அவருக்கு ஒரு கடைவாய்ப் பல் இல்லை என்பது இன்றுதான் தெரிந்தது.

பிளக்கை மறுபடி போட்டுவிட்டு, "நாளைக்கே பேட்டரி லைன் இழுத்துத் தந்துருதேன்" என்றார்.

"தாங்க அண்ணாச்சி. ஆனா வெள்ளிக்கிழமை. வியாழக்கிழமை எனக்கு இது சாகணும்."

ஜூன் 25, செவ்வாய்

போர்ட் நிலையைக் கவனிக்கச் சொன்னதோடு விட்டது என் தப்பு. இப்போது வேறு விதம். முதல் ஸ்விட்ச் ஐந்து நொடிக்கு ஒரு தடவை புதுக் கட்டிடத்தைத் தாண்டிக் கம்பெனியின் கருவியைக் கூப்பிட வேண்டும். மூன்று தடவை பதில் வராவிட்டால், விளக்கு என்ன நிறத்தில் எரிந்தாலும் சரி, முப்பது மதிப்பெண் குறைய வேண்டும். இந்த முறை நோட்டைப் புரட்டினேன். நன்றாகவே புரட்டினேன். ஒரு சந்தேகத்துக்குப் பழைய தோழிக்கு போன் பண்ணினேன். ஏழு வருடம் கழித்துப் பேசுகிறோம். சந்தேகம் ஐந்து நிமிடத்தில் தீர்ந்தது, பேச்சு ஒன்றேகால் மணி நேரம் ஓடியது.

ஜூன் 27, வியாழன்

ஒன்று முப்பத்தைந்துக்கு எல்லாம் தயார். டாக்டரிடம் சொல்லியாகிவிட்டது. நான் சர்வர் அறையில், சுடலைமுத்து மெயின் பக்கத்தில், பர்வீன் ஸ்கேன் அறையில். ஒன்று நாற்பதுக்கு பர்வீனிடமிருந்து போன். "அக்கா, பைக்குல விழுந்தவரு ஒருத்தரு, தலையில அடி. படம் எடுத்துட்டேன். இப்ப அனுப்பணும்."

உடனே அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். "வேண்டாம். மெயின்ல கை வைக்காதீங்க. ஒரு ஆளு படம் போயிட்டிருக்கு."

"ஒங்க சோதனை?"

"அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

"சரி மேடம், கைய எடுத்துட்டேன்" என்றவர் அடுத்த நொடியே, "எம்மா! நான் தொடல, நான் தொடவே இல்ல!" என்று கத்தினார்.

கரண்ட் போய்விட்டது. ஆனிக் காற்றில் எங்கேயோ கிளை முறிந்து கம்பியில் விழுந்திருக்கிறது. ஜெனரேட்டர் உறுமிக்கொண்டு வந்தது. ஆனால் மாடிப்படிக்கு அடியில் உள்ள பெட்டி செத்திருக்கும். விளக்கைப் பார்த்தேன். பச்சை. இந்தத் தடவை நான் நிற்கவில்லை, கேபிளைப் பிடித்துக்கொண்டேன். எண்ண ஆரம்பித்தேன். இருபதுக்குள் மாறாவிட்டால் நானே பிடுங்கிவிடுவது. ஐந்து. ஒன்பது. பதினான்கு. பதினாறில் திரையில் ஒரு வரி வந்தது: பதில் இல்லை, மதிப்பெண் 90. அடுத்த வரி: இரண்டாவது ஸ்விட்ச் தலைமை.

பர்வீனைக் கூப்பிட்டேன். "படம்?"

"அறுபத்தொண்ணுல கொஞ்சம் நின்னு யோசிச்சுதுக்கா. இப்பப் போகுது. எழுபது... எண்பத்திநாலு... போயிருச்சு. ஏன் மூச்சு வாங்குது ஒங்களுக்கு?"

"மாடி ஏறி வந்தேன்" என்றேன்.

பத்து நிமிடத்தில் மதுரையிலிருந்து பதில் வந்தது: உள்ளே ரத்தக் கசிவு இல்லை, ஆறு தையல் போதும். மூன்று மணிக்கு டாக்டர் எஸ்தர் வந்தார். "இன்னைக்கு சோதனை பண்ணலையாமே?"

பதிவைத் திறந்து அந்த இரண்டு வரியையும் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றாமலே படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"கரண்ட் போனப்பவா? ஸ்கேன் ரூம்ல யாருக்குமே தெரியலையே."

"ஆமா டாக்டர்" என்றேன்.

ஜூன் 28, வெள்ளி

அண்ணாச்சி பேட்டரி லைன் இழுத்தார், நான் டார்ச் பிடித்தேன். பேச்சியம்மாள் வீட்டுக்குப் போகிறார். கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். இரண்டு விரல் மட்டும் இன்னும் மடங்கி இருக்கிறது. பந்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

ஜூலை 1, திங்கள்

நியமன ஆணை வந்தது. நிரந்தரம். படியிறங்கும்போது பிரித்துப் பார்த்தேன். என் பெயரில் வல்லியை வள்ளியாக்கி, 'செண்பகவள்ளி' என்று அடித்திருக்கிறது. எங்கள் ஊர் அம்மன் பெயரையே தப்பாக அடித்திருக்கிறார்கள். போகட்டும், திருத்தச் சொல்லித் திரும்பப் போனால், கொடுத்ததை மறுபடி யோசிக்க ஆரம்பித்துவிட்டால்? பைக்குள் வைத்துக்கொண்டு இன்னும் நாலு படி இறங்கினேன்.

பிறகு திரும்பி ஏறினேன்.

"டாக்டர், இதுல 'ள்' தப்பு. 'ல்' வரணும்."

"ஒரு எழுத்துதானேம்மா?"

"என் பேரு டாக்டர்."

அவர் சிரித்துக்கொண்டே வேறு தாள் அடிக்கச் சொன்னார். பிரிண்டரில் மை தீர்ந்து, மாற்றி, இருபது நிமிடம் ஆகிவிட்டது. முதலாவது நின்றால் எடுக்க வேண்டிய இரண்டாவது ஜெனரேட்டர் ஏன் தானாக எடுக்க மாட்டேன் என்கிறது என்று பார்க்கச் சொல்லி அண்ணாச்சி கீழேயிருந்து மூன்று தடவை போன் பண்ணிவிட்டார். வருகிறேன் என்று சொல்லிவிட்டு, அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தேன்.